ஏன் போனார்கள் என்று கேட்பதற்கு முன்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஒரு பாடம் வருகிறது. மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள்? இதற்கு விடை இரண்டு பட்டியல். ஒரு பக்கம் தள்ளும் காரணிகள்: வறட்சி, வெள்ளம், வேலையின்மை, வறுமை. இன்னொரு பக்கம் இழுக்கும் காரணிகள்: வேலை, நல்ல கூலி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. பிள்ளைகள் நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிவிடுவார்கள். அஞ்சு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்வதற்கும் சுலபம்.

ஏறக்குறைய முப்பது வருஷமாக இந்தப் பாடத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் நடத்திக்கொண்டிருக்கிறேன். நான் பிறந்தது குடியாத்தம் பக்கம் ஒரு சேரியில். இப்போது வேலை பார்ப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், செங்கல் சேம்பர்கள் சூழ்ந்த ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில். புத்தகங்கள் மாறின, பாடத்திட்டம் மாறியது, இந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இதை நடத்துவது எனக்கு ஒரு நாளும் சுலபமாக இருந்ததில்லை. இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், பதில் சொல்கிறவருக்கு அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதையெல்லாம் பி.எட். எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பைக் காவு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

*

1998ஆம் வருஷம். வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பது வேண்டாம். அறிவொளி இயக்கத்தில் தொண்டராகத் தெருத்தெருவாகப் போய்ப் பாடம் சொன்ன சூடு என்னிடம் இன்னும் தணியாமல் இருந்தது. வாழ்க்கையிலிருந்து பாடம் நடத்த வேண்டும், பிள்ளைகளின் வாயிலிருந்தே பாடம் வர வேண்டும் என்று ஒரு வேகம். புத்தகத்தை மூடி மேசை மேல் வைத்துவிட்டு, "வெளியூர்லேர்ந்து வந்து இங்க குடியிருக்கிறவங்க யாரு, கை தூக்குங்க" என்றேன்.

அஞ்சு பேர் தூக்கினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை பாதிக் கையைத் தூக்கியது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. அதையே எழுப்பினேன்.

"உங்க நைனா எதுக்கும்மா ஊர வுட்டு வந்தாரு?"

"வேல இல்ல சார்."

அதோடு உட்காரச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் இருக்கிற பதில்தான் அது. எனக்குத் திருப்தி இல்லை. "வேல ஏன் இல்லாம போச்சு? ஊர்ல எல்லாருக்கும் இல்லியா, உங்களுக்கு மட்டும் இல்லியா?" என்று துருவினேன். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. "பயப்படாம சொல்லு" என்றேன். சொல்லியது.

"சாவுக்கு மேளம் அடிக்க வரமாட்டேன்னு நைனா சொல்லிட்டாரு சார். அப்பறம் யாரும் கூலிக்குக் கூப்புடல. கடையில சாமான் குடுக்கல. ராத்திரியோட ராத்திரியா வந்துட்டோம்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் நிஜம். இதோ வந்துவிட்டது உயிருள்ள பாடம் என்று நினைத்தேன். கரும்பலகையில் "சாதி" என்று பெரிதாக எழுதி அதன் கீழே கோடு போட்டேன்.

அந்த நிமிஷம் வரைக்கும் அந்த வகுப்பில் ஒருவருக்கும் அந்தப் பிள்ளை யார் என்று தெரியாது. அந்தக் குடும்பம் ஊர்த்தெருவில் வாடகைக்கு ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தது. அந்த அப்பா கொத்தனாருக்குக் கையாளாகப் போய்வந்தார். ஊரை விட்டு வந்ததில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சொத்து, புது ஊரில் யாருக்கும் தங்களைத் தெரியாது என்பதுதான். அதை நான் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பிடுங்கிப் போட்டேன். மறுநாள் அந்த பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். பத்து நாளில் வீட்டுக்காரர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பிள்ளை வரவில்லை. தேடிப் போனேன். பூட்டு தொங்கியது. எங்கே போனார்கள் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்தக் குடும்பம் இரண்டாவது தடவையாக இடம்பெயர்ந்தது. இந்தத் தடவை தள்ளின காரணி நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் நானும் வாடகை வீட்டில்தான் இருந்தேன். வீட்டுக்காரர் கேட்டபோது "குடியாத்தம் பக்கம்" என்று மட்டும் சொல்லி நழுவியவன் நான். வகுப்பிலும் நான் யார் என்று சொன்னது கிடையாது. பதிமூன்று வயசுப் பிள்ளையிடம் கேட்ட கேள்வியை முப்பது வயசு ஆள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைக்கு இருந்த தைரியம் வாத்தியாருக்கு இல்லை.

*

என்னிடம் நானே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கோலாரைத்தான் சொல்லியிருப்பேன்.

என் தாத்தா 1920களில் தங்கவயலுக்குப் போனவர். கோலார் தங்கவயலில் 1880களிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியது. பூமிக்கு அடியில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம் ஆட்கள். 1902லேயே காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் போய்விட்டது. எங்கள் சேரிக்குக் கரண்ட் வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே போனது. அடியில் வெக்கை தாங்காது. திடீரென்று பாறை வெடித்து ஆளை மூடும். கல் தூசி நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும். தாத்தா அந்த இருமலோடுதான் ஊருக்குத் திரும்பினார், அந்த இருமலோடுதான் செத்தார்.

வளர்ந்த பிறகு, இயக்கத்துப் புத்தகங்களெல்லாம் படித்துவிட்டு, ஆயாவிடம் ஒரு நாள் கேட்டேன். "வெள்ளக்காரன் கம்பெனி உங்கள உறிஞ்சிடுச்சு இல்ல ஆயா?" ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது:

"உறிஞ்சினான்தான். இல்லன்னு யாரு சொன்னா? ஆனா இங்க இருக்கசொல்ல, எவன் வூட்ல சாவு வியுந்தாலும் உங்க தாத்தன் ஓடணும். சோறு துண்ணுக்கினு இருந்தாலும் எய்ந்து ஓடணும். அங்க சங்கு ஊதுவான், போவாங்க. மறுபடி ஊதுவான், வந்துருவாங்க. அதுக்கு அப்பறம் ஒருத்தன் கூப்புடமாட்டான். நான் காலுக்குச் செருப்பு போட்டது அங்கதான்டா."

புத்தகத்தின் இரண்டு பட்டியலில் ஆயாவின் செருப்பை எந்தப் பக்கம் எழுதுவது? கூலி என்று எழுதலாம். ஆனால் அது கூலி இல்லை. சங்கு ஊதி முடிந்த பிறகு ஒருத்தனும் கூப்பிட முடியாத அந்த மிச்ச நேரத்துக்கு என்ன பெயர் வைப்பது? அதற்கு விடுதலை என்று பெயர் வைக்கவும் எனக்குக் கூச்சம், ஏனென்றால் தாத்தாவின் நெஞ்சு அந்தச் சுரங்கத்தில்தான் போனது. அடிமைத்தனம் என்று மட்டும் எழுதினால் ஆயாவின் வாயை நான் அடைக்கிறேன் என்று ஆகும்.

அந்த மிச்ச நேரத்தில் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பது வரலாற்றில் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய "தமிழன்" பத்திரிகை, அவர் 1914இல் மறைந்த பிறகு தடைப்பட்டு, 1926இல் தங்கவயலிலிருந்துதான் ஜி. அப்பாத்துரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடியும் வந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைக் கம்பெனி பதிய வந்தபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரில் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அதே சமயம், பூமிக்கு அடியில் இறங்கினது யார், மேலே நின்று கணக்கு எழுதினது யார் என்று பார்த்தால், சாதியும் அவர்களோடு கூடவே தங்கவயலுக்கு வந்து சேர்ந்திருந்தது தெரியும். இரண்டும் உண்மை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும்.

நம் தரப்பிலும் ஒரு பொய் இருக்கிறது என்று இதனால்தான் சொல்கிறேன். பாடப்புத்தகம் "நல்ல வாழ்க்கையைத் தேடிப் போனார்கள்" என்கிறது. நம் மேடைகளோ "ஆடுமாடுபோல ஓட்டிச் செல்லப்பட்டார்கள்" என்கின்றன. முதல் வாக்கியத்தில் துரத்தினவன் இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் போனவன் மனிதனாக இல்லை. ஏமாற்றி ஏற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டு, ராத்திரியில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களும் இருந்தார்கள்.

*

காரணிகளுக்கு வருவோம். வறட்சி என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. மழை சேரிக்கு மட்டுமா பொய்த்தது? ஊருக்கும்தான் பொய்த்தது. 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது வானம் எல்லார் தலைக்கு மேலும்தான் காய்ந்தது. ஆனால் இலங்கைத் தோட்டத்துக்கு மூட்டை கட்டினவர்களின் கூட்டத்தில் சேரி ஆட்கள் ஏன் அவ்வளவு பேர்? நிலம் இருந்தவனுக்குப் பஞ்சம் என்றால் நகையை விற்பது. நிலம் இல்லாதவனுக்குப் பஞ்சம் என்றால் ஊரை விடுவது. வறட்சி காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வறட்சி யாரைத் தள்ளியது என்பதை முடிவு செய்தது வானம் இல்லை என்கிறேன்.

செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் கிடையாது என்பது மட்டும் அவர் கண்டதல்ல, குடியிருக்கிற குடிசையின் மனைகூட மிராசுதார் கையில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வீடும் போகும், வேலையும் போகும். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஏற்பாடு வந்தது. அந்த நிலங்கள் பின்னால் யார் யார் கைக்குப் போயின, அவற்றைத் திருப்பிக் கேட்டபோது 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது என்பதெல்லாம் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். காலடியில் ஒரு முழம் மண்கூடத் தன்னுடையது இல்லாதவனைப் பார்த்து "நீ ஏன் ஊரை விட்டுப் போனாய்" என்று கேட்பதே வேடிக்கைதான். அது எப்போது அவன் ஊராக இருந்தது?

புத்தகத்தில் அம்புக்குறி இரண்டுதான், தள்ளுவது ஒன்று, இழுப்பது ஒன்று. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைப் படத்தில் போடமாட்டார்கள். அது பிடித்துவைப்பது. 1843இல் அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று கம்பெனி அரசாங்கம் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் பண்ணையாள் கடன் என்ற கயிற்றில் கட்டப்பட்டே இருந்தான். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. தஞ்சாவூர் மிராசுதார்களுக்குப் பண்ணையாட்கள் கப்பலேறிப் போவதில் எரிச்சல். ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறுகிறது என்று புலம்பினார்கள். அதாவது தொட்டால் தீட்டு, ஆனால் விட்டுப் போனால் நஷ்டம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலும் இதேதான். 1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பு மக்கள் அங்கிருந்து வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். தங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார விடாத வெள்ளைக்காரர்கள், ஆள் சேர்க்க வந்த ஏஜண்டுகளுக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள், ரயில் ஏறப்போனவர்களைப் போலீஸை வைத்துத் தடுத்தார்கள். இந்த மூன்றாவது அம்பைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குத்தான், ஊரை விட்டுப் போவது என்பதே சில நேரம் ஒரு எதிர்ப்பு என்று புரியும்.

அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ மறுத்தார். கிராமம் என்றால் நமக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். ஆனால் போகிற இடத்திலும் அது காத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். 1917இல், கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தவருக்குத் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி சத்திரத்தில் மறைந்து தங்கினார். கண்டுபிடித்துத் தடியோடு வந்து விரட்டினார்கள். உலகத்தையே சுற்றி வந்தவரை ஒரு சத்திரத்து வாசலில் மடக்கிவிட்டார்கள்.

திரும்பி வந்தாலும் விடமாட்டார்கள். கொடியன்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து வந்து வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். டி.வி., மின்விசிறி, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டுகளும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டதாக அப்போதே பத்திரிகைகள் எழுதின. வேறு எதை எதையோ உடைக்கலாம். பாஸ்போர்ட்டை ஏன் அழிக்க வேண்டும்? நீ போனதும் குற்றம், போய் வந்து நிமிர்ந்து நின்றதும் குற்றம், இனிமேல் போகாதே என்று சொல்வதற்குத்தான் என்று நான் அர்த்தம் செய்துகொள்கிறேன்.

*

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு ஆசிரியன் வகுப்பில் என்ன செய்ய வேண்டும்? உண்மையைச் சொன்னால், அந்த உண்மையின் காயத்தைச் சுமந்திருக்கிற பிள்ளைதான் வகுப்பில் நிர்வாணமாக நிற்கிறது. சொல்லாமல் விட்டால், வறட்சி தள்ளியது, நகரம் இழுத்தது என்று அந்தப் பிள்ளையே தன் அப்பனைப் பற்றிப் பொய் எழுதி மார்க் வாங்குகிறது. இது பாடம் நடத்தும் முறை பற்றிய சங்கதி இல்லை. நியாயம் பற்றியது. உண்மைக்கு விலை உண்டு என்றால், அந்த விலையை யார் கொடுப்பது?

1998க்குப் பிறகு நான் எனக்கு இரண்டு விதி வைத்துக்கொண்டேன். விதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.

முதலாவது, கேட்கிறவன் முதலில் சொல்ல வேண்டும். பாடத்தைத் தொடங்கும்போதே தாத்தாவின் கதையைச் சொல்லிவிடுவேன். எங்கள் சேரி, சாவு மேளம், தங்கவயல், இருமல், ஆயாவின் செருப்பு எல்லாம். நான் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர்கள் ரூமில் சில பேருக்கு அது பிடிக்கவில்லை. "எதுக்கு சார் இதெல்லாம் புள்ளைங்ககிட்ட" என்றார்கள். டீ குடிக்கக் கூப்பிடுவது கொஞ்ச நாள் குறைந்தது. பரவாயில்லை. நாற்பது சொச்சம் ஆயிரம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கே ஒரு டீ நஷ்டம்தான். அந்தப் பிள்ளைக்கு வீடும் படிப்பும் போயின.

இரண்டாவது, கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "உங்கள் குடும்பம் ஏன் வந்தது" என்று இப்போது கேட்பதில்லை. "உங்கள் குடும்பம் இந்த ஊரை விட்டுப் போகவே இல்லை என்றால், ஏன் போகவில்லை? வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வா" என்கிறேன். போனவனிடம்தான் உலகம் காரணம் கேட்கிறது. இருந்தவனிடம் யாரும் கேட்டதில்லை. இருப்பது இயற்கை, போவதுதான் விநோதம் என்பதுபோல. இருப்பதற்கும் காரணிகள் உண்டு. அவற்றையும் பட்டியல் போட வேண்டும் அல்லவா?

முதல் தடவை கேட்டபோது பிள்ளைகள் விழித்தார்கள். மறுநாள் ஊர்த்தெருப் பையன் ஒருத்தன் எழுதிக்கொண்டு வந்தான். "எங்க தாத்தாவுக்கு எட்டு ஏக்கர் நெலம், ரெண்டு கெணறு. அதனால போகல." நல்ல பிள்ளை, ஒளிக்காமல் எழுதியிருந்தான். "கெணத்த வெட்டினது யாருன்னு கேட்டியா?" என்றேன். "கேக்கல சார், கேட்டுட்டு வரேன்" என்றான். அடுத்த நாள் அவன் வரவில்லை, அவன் பெரியப்பா வந்தார். எச்.எம். ரூமில் ஒரு மணி நேரம் சத்தம். பாடத்தை நடத்தச் சொன்னால் பகையை மூட்டுகிறான் என்றார். நான் புத்தகத்தை எடுத்துக் காட்டி, "இதுல ஏன் போனாங்கன்னு இருக்கு, நான் ஏன் போகலன்னு கேட்டேன், அவ்வளவுதான்" என்றேன். இரண்டு நாள் கழித்துப் பையன் வந்தான். என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "காலனி ஆளுங்கதான் வெட்டுனாங்களாம் சார். ஆயா சொல்லிச்சி." அதை அவன் நோட்டில் எழுதவில்லை. எழுது என்று நான் வற்புறுத்தவும் இல்லை. எந்தப் பிள்ளையையும் அதன் வீட்டோடு மோதவிட எனக்கு உரிமை இல்லை, அது எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது போதும்.

*

இத்தோடு முடித்திருந்தால் நான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்திருப்பேன். ஆனால் எங்கள் சேம்பர்களுக்கு ஒடிசாவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். அங்கே நுவாகாய் என்று புது அரிசிப் பண்டிகை. அது முடிந்ததும் சர்தார் வந்து முன்பணம் கொடுப்பான். புருஷன், பெண்டாட்டி, கல்லைப் புரட்டிப்போட ஒரு பிள்ளை, இதுதான் கணக்கு. முன்பணம் தீரும்வரை ஆறு மாதத்துக்கு மேல் கல் அறுக்க வேண்டும். பெரும்பாலும் தலித்துகள், ஆதிவாசிகள். என் தாத்தன் காலத்துக் கயிறுதான், பாஷை மட்டும் வேறு. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979இல் ஒரு சட்டம் போட்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது தார் ரோட்டில் கூட்டம் கூட்டமாக நடந்த கால்களுக்கு அந்தச் சட்டம் ஒரு செருப்புகூட வாங்கித் தரவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒரு சிலர் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி "டேய் வடக்கா" என்று கூப்பிட்டது யார் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகள் இல்லை, காலனிப் பிள்ளைகள். என் தாத்தா கதையைக் கண் கலங்கக் கேட்ட அதே பிள்ளைகள். "அவனுங்க வந்துதான் சார் எங்கப்பாவுக்குக் கூலி கொறஞ்சி போச்சி" என்றான் ஒருத்தன். அவன் சொன்னதில் பொய் இல்லை. சேம்பர்க்காரன் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கிறான், இவன் அப்பனுக்கு வேலை போகிறது. வயிறு எரிகிறவனிடம் போய் மனிதநேயம் பேசுவது எளிது. அவன் கோபம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது போய் விழுகிற இடம்தான் தப்பு.

அன்றைக்கு நான் மறுபடியும் தங்கவயலுக்குத்தான் போனேன். முன்பு சொல்லாமல் விட்ட பாகத்தைச் சொன்னேன். 1966இல் சிவசேனா தொடங்கியபோது பம்பாயில் முதல் அடி தென்னாட்டுக்காரர்களுக்குத்தான், எங்கள் வேலையைப் பிடுங்க வந்தவர்கள் என்று. தாராவியில் இருந்த நம் ஜனங்கள் அந்த வசவைக் கேட்டவர்கள். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர் குடிசைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். நெருப்பில் போனதெல்லாம் கூலிக்காரர்களின் குடிசை. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். "அங்க நம்மள என்னான்னு கூப்புட்டிருப்பாங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. சிலர் ஒடிசாப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் "வடக்கா" என்ற சத்தம் விளையாட்டு மைதானத்தில் கேட்கத்தான் செய்கிறது. கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். நம்ப விரும்புகிறேனோ என்னவோ.

அந்தப் பையனிடம் "நீ ஏன் வந்தாய்" என்று நான் கேட்கவில்லை. அவனாக ஒரு நாள் சொல்லலாம், சொல்லாமல் பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாமலும் போகலாம். அவன் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளையைப் பழக்குவதுதான் இப்போதைக்கு என்னால் முடிந்த இடப்பெயர்வுப் பாடம்.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. பரீட்சையில் அந்தக் கேள்வி இந்த வருஷமும் வந்தது. புத்தகத்தில் இருக்கிறபடி எழுதினால்தான் மார்க். பிள்ளைகளிடம் அதையே எழுதச் சொன்னேன், அவர்கள் பாஸாக வேண்டும். ஒரு காலனிப் பெண் பிள்ளை இரண்டு பட்டியலையும் ஒழுங்காக எழுதிவிட்டு, கீழே மிச்சமிருந்த இடத்தில், "மழை எல்லாருக்கும் பெய்யவில்லை. எல்லாரும் போகவில்லை" என்று எழுதியிருந்தது. அஞ்சுக்கு அஞ்சு போட்டேன். அந்தக் கடைசி இரண்டு வரிக்கு மார்க் போட விடைக்குறிப்பில் இடம் இல்லை.

1998இல் அந்த வகுப்பிலிருந்து போன பிள்ளைக்கு இப்போது நாற்பது வயசு இருக்கும். எந்த ஊரில் இருக்கிறதோ. அதன் பிள்ளையிடம் எந்த வாத்தியாராவது "உங்க அம்மா ஏன் ஊர வுட்டு வந்தாங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், ஆசிரியராகப் போகிற மாணவர்கள் இருப்பீர்கள். நீங்கள் யார் என்று அந்த வகுப்பில் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள். சொல்ல முடியாது என்றால், கேட்காதீர்கள்.